நான்கெல்லை

குடியாத்தம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசை,
ஜெராக்ஸ் கடைக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவே
எட்டுக்குப் பத்து அறை.
இருபத்தாறு வருஷமாய் இங்கே உட்கார்ந்து
அடுத்தவர் நிலத்துக்கு எல்லை அடிக்கிறேன்.

எனக்கென்று இருந்தது ஒரு திரை.
அதற்கும் நான்கெல்லை உண்டு:
கன்னி மூலையில் ஸ்டார்ட் பொத்தான்,
தென்கிழக்கே மணி,
ஈசானியத்தில் மூடுகிற சிவப்புப் பெருக்கல் குறி,
வடமேற்கே ‘என் கணினி’.
இதற்குட்பட்டு ஒரு பச்சைக் குன்று;
இந்தப் பக்கத்து மலை எதிலும்
அந்தப் பச்சையை நான் பார்த்ததில்லை.

வந்த வழியும் சரியில்லை.
பஸ் ஸ்டாண்டு ஓரம் ஐம்பது ரூபாய் சிடி,
மேலே மார்க்கரில் எழுதிய ரகசிய எண்.
“மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை” என்று
நாளைக்கு நாலு தடவை அடித்தேன்,
வில்லங்கத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு.
சில நாள் திரை கறுத்து
உன் பிரதி அசலில்லை என்னும்.
நான் அடுத்த பத்திரத்துக்குப் போவேன்.

இந்தச் சித்திரையில் புதுப் பதிப்பு சொல்லிவிட்டது
என் பெட்டிக்குத் தகுதியில்லையென்று.
ஆரணியிலிருந்து தரணேந்திரன் வந்தான்.
வெளியே நூற்றியெட்டு டிகிரி.
“பொட்டி நல்லாத்தான் கீதுக்கா.
உள்ள இருக்கறத மாத்திக்கலாம். காசு இல்ல.
யாருக்கு வேணா காப்பி போட்டுக் குடுக்கலாம்.”
தானத்துக்கும் முத்திரைத்தாள் உண்டே தம்பி, என்றேன்.
லினக்ஸ் என்றான்.
இருமல் மருந்து பேர் மாதிரி இருந்தது.

மெனு வாயு மூலைக்குப் போயிருந்தது.
கன்னி மூலையில் குப்பைத்தொட்டி.
வாஸ்து பார்க்கிறவளாயிருந்தால்
அன்றைக்கே கடையைப் பூட்டியிருப்பேன்.
எல்லாவற்றுக்கும் மேலே, ரெஃப்ரெஷ் இல்லை.
வலது பொத்தானை அமுக்கி, ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ்,
காரணமே இல்லாமல்,
கல்லாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல
இத்தனை வருஷம் செய்திருக்கிறேன்.
இப்போது கை அமுக்குகிறது.
பட்டியல் விரிகிறது.
அந்தச் சொல் மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் பரதராமியிலிருந்து எத்திராஜம்மாள்.
நாளைக்கு வாய்தா, பத்திரம் வக்கீலிடம் தொலைந்தது,
ஆபீசில் நகல் கேட்டால் பத்து நாள்.
“நீ அடிச்சதுதான, உன்னாண்ட இருக்குமே.”
இருந்தது. திறந்தேன்.
இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாய்
வெல்லம் மடித்த தாளில் எறும்பு.
பழைய எழுத்துரு
பழைய வீட்டோடு போய்விட்டது.
தரணேந்திரன் போனை எடுக்கவில்லை.

பார்த்துக்கொண்டே இருந்தேன்.
முதல் எழுத்துக்கு இடது சுண்டுவிரல் அசைந்தது.
அடுத்ததற்கு வலது நடுவிரல்.
இவை எழுத்தே இல்லை.
இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால்
எந்தக் கட்டையை எப்போது தட்டினேன் என்கிற தடம்.
வெறும் மேசைமேல் விரலை ஓட்டினேன்.
விரல் படித்ததை வாய் சொன்னது:
கிழக்கே முனிரத்தினம் கொல்லை.
வடக்கே வண்டிப்பாதை.
தெற்கே கவுண்டன்ய ஆறு.
மேற்கே ஓடை.

ஓடை.
அங்கே விரல் நின்றது.
இன்னும் ஒரு சொல் வரவேண்டும்.
ஓடை உள்பட என்றோ, ஓடை நீங்கலாக என்றோ.
அன்று கரண்ட் போய் வந்திருக்கும்.
இல்லை, பசித்திருக்கும்.
எனக்கு ஞாபகமில்லை,
விரலுக்கும் இல்லை.

“வழக்கே அதுக்குத்தான்,” என்றாள் எத்திராஜம்மாள்.
கொழுந்தன் மூன்று தடவை வேலி பிடுங்கினானாம்.
ஒரு தடவை மண்டை உடைந்ததாம்.
என்னை நன்றாகப் பார்த்தாள்.
“அப்ப நீதானா அது.”

கரும்புச்சாறு வண்டியின் மணி
குலுங்கிக்கொண்டே இருந்தது.

உள்ளது உள்ளபடி அடித்துக் கொடுத்தேன்,
குறைந்த சொல் குறைந்தபடியே.
அவள் முப்பது ரூபாயை மேசைமேல் வைத்தாள்.
எடுத்துக்கொள்ளம்மா என்றேன்.
எடுக்காமல் படியிறங்கினாள்.

திரையில் ஒன்றுமில்லாத இடத்தில்
வலது பொத்தானை அமுக்கினேன்.
மறுபடி அமுக்கினேன்.